அமுக்கினால் மணி காட்டும்

என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் பேட்டரியில் இருந்துதான் தொடங்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் அவனுக்கு வைத்திருக்கும் பெயர் மில்லி. முதன்முதலில் அதைக் கேள்விப்பட்டபோது, இவன் நமக்குத் தெரியாமல் குடிக்கிறானோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. விசாரித்த பிறகுதான் தெரிந்தது, அது மில்லி ஆம்பியர் என்று. மின்சாரத்தைத் துளித்துளியாக அளக்கிற கணக்கு. யார் எந்த சர்க்யூட்டைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "அழகா இருக்கு, எத்தன மில்லி தின்னுது?" என்பதுதான் இவனுடைய முதல் கேள்வியாம்.

வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் செய்கிற கம்பெனியில் அவன் டிசைன் என்ஜினியர். குழாயோடு சேர்த்து மாட்டி, வாசலில் குழிக்குள் இறக்கி மூடிவிடும் மீட்டர் அது. உள்ளே இருப்பது ஒரே ஒரு பேட்டரி. அது பத்து வருடம் வர வேண்டும். எப்படி வரும்? தூங்கினால் வரும். அந்த மீட்டர் எந்நேரமும் தூங்கிக்கொண்டிருக்கும். கண் சிமிட்டுகிற நேரம் விழித்து, எவ்வளவு தண்ணீர் ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துவிடும். கணக்கெடுக்க வருகிற ஆள் மேலே உள்ள பட்டனை அமுக்கினால் மட்டும் எண்ணைக் காட்டும். யாரும் பார்க்காதபோது காட்டுவது அவர்கள் தொழிலில் பெரிய குற்றம். இருபது வருடம் இந்த வேலையைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் சும்மா விழித்திருக்கும் எல்லாவற்றின் மீதும் என் அண்ணனுக்கு ஒரு கோபம் வந்துவிட்டது.

வீட்டிலும் அதே கூத்துதான். டி.வி. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் அதைத் தூக்கிப் போட விடமாட்டான். மீட்டர் வைத்து அளந்து, "இதுல இன்னும் உயிர் இருக்கு" என்று சுவர்க்கடிகாரத்துக்கு மாற்றுவான். அதுவும் நொண்டத் தொடங்கியதும் அங்கிருந்து எடுத்து ஏதோ ஒரு குட்டி விளக்கில் போடுவான். அண்ணி ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "நான் செத்தாலும் உங்க அண்ணன் ஒரு தடவ அளந்து பாத்துட்டுத்தான் எடுக்க விடுவாரு." அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டுச் சிரித்தான். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் இருப்பதைக் கேட்டால் கொடுத்துவிடுவான். பேட்டரி விஷயத்தில் மட்டும் அவனுக்கு அப்படி ஒரு வெறி.

அவனோடு இருந்தவர் எங்கள் அப்பா. அம்மா போன பிறகு அவன் வீட்டு முன்னறை அப்பாவின் அறை ஆயிற்று. அப்பா பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்து நின்றது என்று பார்ப்பதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி அவரை விடவில்லை. சொன்ன நேரத்துக்கு நான் போய்ச் சேராவிட்டால், "பத்து நிமிஷம் லேட்டு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவார். என் கணவருக்கு அதில் ஒரு தீராத எரிச்சல்.

அப்படிப்பட்ட மனிதரைப் பக்கவாதம் படுக்கையில் தள்ளியது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. இடது கை அசையும், ஆனால் அதில் ஏற்கெனவே பல வருட மூட்டுவலி. விரல்களில் வலு கிடையாது. ஸ்பூனை நாம் செருகிவிட்டால் ஒருமாதிரி வாய்வரை கொண்டுபோவார். பேச்சு குழறும், பழகியவர்களுக்குப் புரியும். இன்னொன்றும் நடந்தது. முள் வைத்த கடிகாரத்தைப் பார்த்தால் எது எந்த முள் என்று அவருக்குப் பிடிபடவில்லை. நேரத்தை வைத்தே சோறு தின்றவர், சுவரைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார். எண்ணாக எழுதிக் காட்டினால் மட்டும் படித்துவிடுவார்.

அவரைக் குளிப்பாட்ட, துடைக்க, மூத்திரப் பாத்திரம் வைக்க ஓர் ஆள் வைத்திருந்தோம். முன்பு ஏதோ கிளினிக்கில் இருந்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர். இன்னும் இரண்டு மூன்று வீடுகளையும் பார்த்துக்கொண்டதால் ஒரு நாளில் நான்கு தடவை வந்துவிட்டுப் போவார். இடைப்பட்ட நேரத்தில் அண்ணி பின்னறையில் தையல் மெஷினோடு இருப்பார். அண்ணன் வேலைக்குப் போயிருப்பான். பெரியவர்களுக்கான டயப்பர் வாங்கி வந்தபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை. அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

அப்பாவுக்கு அப்போது இருந்த ஒரே தொல்லை, அல்லது தொல்லை என்று நாங்கள் நினைத்தது, மணி கேட்பது. யார் அறைக்குள் போனாலும் கேட்பார். "மணி என்ன?" சொல்லிவிட்டுத் தண்ணீர் ஜாடியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தால், "மணி என்ன?" பின்னறையில் மெஷின் சத்தத்தையும் மீறி அவர் குழறல் கேட்குமாம். அண்ணி ஊசியை நிறுத்திவிட்டுக் கத்திச் சொல்வார். டெப்போ பழக்கம், படுத்த பிறகும் வண்டி அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று நாங்கள் எல்லோருமே பேசிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். நான் இருப்பது ஊரின் மறுகோடி, வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வர முடியும். அண்ணன் ஆபீஸ்காரர் யாரோடோ போனில் பேசிக்கொண்டே அப்பாவின் கட்டிலோரம் எதையோ எடுக்கப் போனான். அப்பா மணி கேட்டார். சொன்னான். திரும்பி வரும்போது மறுபடியும் கேட்டார். அண்ணன் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இப்ப எந்த வண்டிய அனுப்பணும்ப்பா உங்களுக்கு?" என்றான். அண்ணி சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பாவும் வாய் கோணச் சிரித்தார். ஆனால் அன்று நான் கிளம்புகிறவரை அவர் மணி கேட்கவில்லை.

அண்ணன் கெட்டவன் இல்லை. நாக்கு முந்திவிட்டதே என்று அவனுக்கே உறுத்தியிருக்கிறது. இல்லையென்றால் மறுவாரமே ஒரு சால்டரிங் இரும்பையும் டப்பா நிறையச் சாமான்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, "அப்பாவுக்கு நானே ஒரு கடிகாரம் செய்யப்போறேன்" என்று சாப்பாட்டு மேஜையை ஆக்கிரமித்திருக்க மாட்டான்.

கடையில் ஒன்று வாங்கினால் போதாதா என்று அண்ணி கேட்டார். கடையில் கிடைக்கும் மேஜைக் கடிகாரங்களின் எண் பொடியாக இருக்கும், அப்பாவின் கண்ணுக்குக் கட்டிலில் இருந்து தெரியாது என்றான். அதில் நியாயம் இருந்தது. அதனால் உள்ளங்கை உயரத்துக்குச் சிவப்பாக எரியும் எண்களைத் தேடி வாங்கினான். நேரத்தை எண்ணுவதற்கு ஒரு சிப், அதற்குத் தாளம் போட அரிசி மணி அளவில் ஒரு கிரிஸ்டல், பின்னால் நான்கு பென்சில் பேட்டரி. முதலில் செய்தது நாளுக்கு நாள் முந்திக்கொண்டு ஓடியது. அதைக் கட்டிப்போட இரண்டு வாரம் ஆயிற்று. ஓடுவது சரியானதும், எரிவது தகராறு செய்தது. அந்தப் பெரிய எண்கள் பேட்டரியைச் சூப்பித் தின்றுவிட்டன. திங்கட்கிழமை போட்டது புதன்கிழமை இருட்டிக்கொண்டு நின்றது. அன்று அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றார் அண்ணி. ஆபீசில் வேறு வாய் விட்டிருந்தான். மில்லி செய்த கடிகாரம் இரண்டு நாள் வந்தது என்று அங்கே கைகொட்டிச் சிரித்திருக்கிறார்கள்.

வெளிச்சத்தைக் குறைத்துப் பார்த்தான். பகலில் எண்ணே தெரியவில்லை. அப்போதுதான் அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் அன்று அங்கே இருந்தேன்.

"கட்டிலுக்குப் பக்கத்துலயே பிளக் இருக்கே. அதுல சொருகிட்டா எந்நேரமும் எரியுமே?"

அண்ணன் இரும்பைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "கரண்ட்ல சொருகினா யார் வேணாலும் செய்வாங்க. இதுல என்ன டிசைன் இருக்கு?"

அந்தப் பதிலில் அப்பா எங்கே இருந்தார் என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய மூளைக்காரன், ஏதோ காரணம் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவனுக்குத் தெரிந்த வழிக்கே அவன் வந்து சேர்ந்தான். கடிகாரத்தைத் தூங்க வைத்தான். உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருக்கும், முகம் மட்டும் இருட்டாக இருக்கும். பட்டனை அமுக்கினால் எண்கள் பளிச்சென்று எரிந்து, படிக்கிற நேரம் இருந்து, அணைந்துவிடும். கம்பெனி மீட்டரில் போடுகிற அதே பட்டனைக் கொண்டுவந்து மேலே பதித்தான். கறுப்பு ரப்பர் மூடிய பட்டன், தண்ணீர் பட்டாலும் கெடாது. மண்ணும் கல்லும் பட்டுத் தானாக அமுங்கிவிடக் கூடாது என்பதற்காக அதை வேண்டுமென்றே இறுக்கமாகச் செய்வார்களாம். அதையும் அவனே பெருமையாகச் சொன்னான். வழவழவென்று இழைத்த மரப்பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கினான். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தது.

அதை அப்பாவின் கட்டிலருகே இருந்த சின்ன மேஜையில் வைத்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணன் அப்பாவின் இடது கையை எடுத்து, ஒரு விரலைப் பட்டன் மேல் வைத்து, அந்த விரலின் மேல் தன் விரலை வைத்து அமுக்கினான். எண்கள் எரிந்தன. அப்பா அதைப் படித்தார். குழறாமல் படித்தார். அவர் கண் கலங்கியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"இனிமே நீங்க யாரையும் கேக்க வேணாம்ப்பா" என்றான் அண்ணன். அன்பாகத்தான் சொன்னான்.

அப்பா அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. அண்ணியிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்கவில்லை. தையல் மெஷினை இப்போது நிம்மதியாக ஓட்ட முடிகிறது என்று அண்ணி சொன்னார். வேலை முடிந்து வந்ததும் அண்ணன் அப்பாவின் அறைக்குப் போய் ஒரு தடவை பட்டனை அமுக்கி, தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்து, "பாத்தீங்களா, ஒரு செகண்டு பிசகல" என்பான். அப்பா தலையை ஆட்டுவார். ஆபீசிலும் அவன் மானம் மீண்டுவிட்டது. "அப்பா நாள் முழுக்க மணி பாத்துட்டே இருக்காரு, இன்னும் பேட்டரிய மாத்தல" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். மில்லி என்று அவனுக்குப் பெயர் வைத்த மேனேஜரே, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு அந்தக் கடிகாரத்தைக் காட்டிப் பாடம் எடுக்கச் சொன்னார். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த மாதங்களில்தான் அப்பா உடைந்துகொண்டே வந்தார். முதலில் மூத்திரம் போகும்போது எரிச்சல், பிறகு குளிர்காய்ச்சல். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், உதட்டையும் தோலையும் பார்த்துவிட்டு, இவர் தண்ணீரே குடிப்பதில்லை, அதனால்தான் கிருமி தங்கிவிட்டது என்றார். எங்களுக்குக் கோபம் வந்தது. ஜாடியில் உறிஞ்சு குழாய் போட்டு வாயருகே வைத்துவிட்டுத்தானே போகிறோம்? அண்ணி கெஞ்சிப் பார்த்தார். நான் அதட்டிப் பார்த்தேன். "குழந்த மாதிரி அடம் பிடிக்காதீங்கப்பா" என்று அண்ணன் விரலை ஆட்டிச் சொன்னான். அப்பா எங்களுக்காக இரண்டு வாய் உறிஞ்சுவார். நாங்கள் அந்தப் பக்கம் போனதும் குழாயை நாக்கால் தள்ளிவிடுவார். மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கும், சில வாரம் கழித்து மறுபடியும் ஏறும்.

பாடம் எடுப்பதற்கு ஒரு புள்ளிவிவரம் வேண்டுமல்லவா? பேட்டரியில் எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று அளந்து வரச் சொன்னார் மேனேஜர். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் அப்பாவின் அறைக்கு மல்டிமீட்டரை எடுத்து வந்தான். நானும் அண்ணியும் துணி மடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அப்பா கண்ணை மூடிப் படுத்திருந்தார். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அண்ணன் கடிகாரத்தைக் கவிழ்த்து, மூடியைத் திறந்து, மீட்டரின் ஊசிகளை வைத்தான். எண்ணைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். "அடேயப்பா, புதுசு மாதிரியே இருக்கு" என்றான். இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு பேட்டரியாகக் கழற்றித் தனித்தனியாக வைத்தான். பல் மெதுவாக உள்ளே போயிற்று.

"என்ன அண்ணா, நல்லதுதானே?" என்றேன்.

"கணக்கு ஒத்து வரலையே."

அப்பா முன்பு எத்தனை தடவை மணி கேட்பார் என்று பார்த்து, அத்தனை தடவை அமுக்குவார் என்று கணக்குப் போட்டுத்தான் அவன் இதைச் செய்திருந்தான். அந்தக் கணக்குப்படி இந்நேரம் பாதிக்கு மேல் தீர்ந்திருக்க வேண்டும். இது தீரவே இல்லை. தினமும் அவன் வந்து அமுக்கிய ஒரு தடவை மட்டும்தான் செலவாகியிருந்தது. பேட்டரி விஷயத்தில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள என் அண்ணனுக்குத் தெரியாது. பேட்டரிகளைத் திரும்பப் போட்டு, மூடியை மூடி, நேரத்தைச் சரிசெய்து, கடிகாரத்தை மேஜையில் பழைய இடத்திலேயே வைத்தான்.

"அப்பா, இத ஒரு தடவ அமுக்குங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். "இப்ப வேணாம். இப்பத்தான் பாத்தேன்."

இப்போதுதான் அது கழன்று கிடந்தது. பொய் சொல்லக்கூட அவருக்குப் பழக்கம் இல்லை.

"ஒரே ஒரு தடவப்பா."

அப்பா இடது கையை நகர்த்தினார். போர்வையின் மேல் இழுத்துக்கொண்டு போனார். மேஜையின் விளிம்பில் மணிக்கட்டு முட்டி நின்றது. எங்கள் யாருக்கும் எழுந்துபோய் உதவத் தோன்றவில்லை, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எப்படியோ ஒரு விரலைப் பெட்டியின் மேல் ஏற்றினார். ரப்பர் பட்டன் மேல் அந்த விரலை வைத்து அழுத்தினார். விரல் பின்பக்கமாக வளைந்தது, பட்டன் அப்படியே இருந்தது. மறுபடியும் அழுத்தினார். கடிகாரம் மொத்தமும் கொஞ்சம் நகர்ந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"நல்ல கடிகாரம்டா" என்றார். அண்ணனைச் சமாதானப்படுத்துகிற குரல் அது.

அண்ணன் முகம் சுண்டிப்போயிற்று. ஸ்பூனைக்கூட நாம் செருகிவிட வேண்டிய கை அது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். தினமும் பார்க்கிறவன்தானே.

"அப்ப இத்தன நாளா மணியே பாக்கலையா நீங்க? ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

எனக்குத்தான் பொறுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் கேட்கக் கூடாததைத்தான் முதலில் கேட்பேன். "மணி தெரியலன்னா கேட்டிருக்கலாமே, நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்? எப்பவும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க? அப்படி என்ன அவசரம் அந்த மணியில?" என்றேன்.

அவர் எங்களைப் பார்க்காமல், கூரையைப் பார்த்துக்கொண்டு, துண்டு துண்டாகச் சொன்னார். கம்பவுண்டர் எப்போது வருவார் என்று தெரிந்தால் அதுவரை அடக்கிக்கொள்ளலாம். இன்னும் அரை மணி நேரம்தான் என்று தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாம். தெரியாவிட்டால் பயம். "படுக்கைய நனைச்சிட்டா?" என்றார். பிறகு அண்ணி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "குடிக்காம இருந்தா வராது."

மடித்து வைத்த துணியையே அண்ணி மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் தொல்லை என்று சிரித்த கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்தைத் தூக்கி எங்கே போடுவது என்று தெரியாமல் அண்ணன் மேல் பாய்ந்தேன்.

"ஊர்ல எந்த வீட்டுல எவ்வளவு தண்ணி போகுதுன்னு அளக்கற. உன் வீட்டுல ஒரு மனுஷன் நாக்கு வறண்டு கெடக்கறது தெரியல உனக்கு."

சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் என்னைத் திருப்பித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. மல்டிமீட்டரின் வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். சுற்றி முடித்துவிட்டு, பிரித்து, மறுபடியும் சுற்றினான்.

அன்று சாயங்காலமே கடிகாரத்தைப் பிரித்து, பேட்டரிகளை எடுத்துவிட்டு, பழைய சார்ஜர் ஒன்றின் வயரைப் பற்றவைத்து, அண்ணி கைகாட்டிய அதே பிளக்கில் சொருகினான். பட்டனைப் பிடுங்கிவிட்டான். மேலே ஒரு ஓட்டை மட்டும் இருந்தது. எண்கள் எந்நேரமும் எரிந்தன. செய்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை என்று அண்ணி சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவனை இன்னும் குத்தியிருக்கும்.

ஆனால் வெட்கம் என்பது வயரைச் சொருகினால் தீர்கிற காரியம் இல்லை. அண்ணன் அப்பாவின் அறைக்குள் போனால் கட்டிலின் கால்மாட்டில் நின்றே பேசினான். "வந்தா என்கிட்ட சொல்லுங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று தரையைப் பார்த்துச் சொல்வான். "கம்பவுண்டர் வருவாரு" என்று அப்பா கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வார். இப்போது அவருக்கு மணி தெரிந்தது. அதனால் கொஞ்சம் தண்ணீர் குடித்தார். கொஞ்சம்தான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சிவப்பு எண்கள் மாறுவதையே பார்த்துக்கொண்டிருப்பதை எல்லோரும் பார்த்தோம். இத்தனை நாள் பெற்றவரின் மூத்திரப் பாத்திரத்தைக் கையால் தொடாத மகனிடம் எந்த அப்பா திடீரென்று கேட்பார்?

ஆபீசில் அவன் உண்மையைச் சொல்லவில்லை. கடிகாரம் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டான். மேனேஜர் உச்சுக்கொட்டிவிட்டு, பாடத்துக்கு வேறு ஏதாவது பார்க்கலாம் என்றாராம். அண்ணி இதை என்னிடம் சொன்னபோது, சொன்னால் என்ன தலையா போய்விடும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். மில்லி மில்லி என்று இருபது வருடம் கேட்ட காதில் இதைத் தானே போட்டுக்கொள்ள அவனுக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மேனேஜர் பழப் பையோடு வந்துவிட்டார். முன்கூட்டிச் சொல்லவில்லை. நல்ல மனிதர், கலகலப்பானவர். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் கையைப் பிடித்து நலம் விசாரித்தார். அண்ணன் வாசல்படியிலேயே நின்றான். அவன் எங்கே பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. மேஜையில் கடிகாரம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

மேனேஜரும் அதைப் பார்த்துவிட்டார். "இதானே அது? உடைஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க?" வயரைக் கண்ணால் தொடர்ந்து பிளக் வரைக்கும் போனார். "என்ன மில்லி, கடைசியில கரண்ட்ல மாட்டிட்டீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தான். அதற்குள் கட்டிலில் இருந்து அப்பாவின் குழறல் வந்தது.

"நான்தான். நான்தான் தட்டி விட்டுட்டேன். கை பட்டு... விழுந்து..." அப்பா அந்த இடது கையைப் போர்வையில் இருந்து அரை அங்குலம் தூக்கிக் காட்டினார். "அவன் நல்லாத்தான் செஞ்சான்."

மேனேஜருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். "பரவால்லைங்க, பரவால்லைங்க" என்று அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். ஒரு பட்டனை அமுக்க முடியாத கை, இவனுடைய பொய்யைத் தாங்கிப் பிடிக்க எழுந்து நிற்கிறது. இதற்கு மேல் ஒரு மனிதன் எவ்வளவு கூனிக்குறுக முடியும்?

"இல்ல சார்" என்றான் அண்ணன். "அவர் தட்டல. அவரால அத அமுக்கவே முடியல."

"என்னது?"

"பட்டன அவரால அமுக்க முடியல. நான் கேக்கல, அவர் சொல்லல. ஒரு நாள்கூட அவர் அதுல மணி பாக்கல. அதான் பேட்டரி குறையல. நான் உங்க எல்லார்கிட்டயும் பெருமையடிச்சிட்டு இருந்தேன். உடையவும் இல்ல. பொய் சொன்னேன்."

மேனேஜர் என்ன செய்வார் பாவம். தலையை ஆட்டினார். பழப் பையை மேஜையின் மேல் வைக்கலாமா கீழே வைக்கலாமா என்று பார்த்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தார். நாளை ஆபீசில் பேசலாம் என்று அண்ணனின் தோளைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார். அண்ணன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்து, கால்மாட்டில் நிற்காமல், மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

"எதுக்குடா அவர்கிட்ட சொன்ன?" என்றார் அப்பா. அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "உன் வேலை செய்யற எடம்."

"தெரியட்டும்ப்பா."

"உன்னைச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். கம்பவுண்டர் வருவதற்கு இன்னும் வெகுநேரம் இருந்தது, எதிரே எரிகிற எண்களில் அது அவருக்கும் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. பிறகு, மெதுவாக, குழறலை அடக்கி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எனக்குப் போகணும்டா."

அண்ணன் எழுந்து கட்டிலுக்கு அடியில் இருந்த பாத்திரத்தை எடுத்தான். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். நானும் அண்ணியும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.